வேலியில் நின்ற பூவரசு

யாழ்ப்பாணத்துத் தீவகத்தின் பழைமையைப் பேசப் புகுவோர் வழக்கமாக மூன்று பொருள்களை முன்வைப்பர். ஊர்காவற்றுறைக்கு எதிரே கடலில் நிற்கும் கோட்டை ஒன்று. நயினாதீவு நாகபூஷணி அம்மன் கோயில் ஒன்று. நெடுந்தீவுக் குதிரைகள் மற்றொன்று. ஆண்டவரும், வணங்கப்பட்ட தெய்வமும், ஆண்டவர் வளர்த்த விலங்கும் வரலாறாகிவிட்டன. ஆனால் இத்தீவுகளின் வளவுகளைச் சுற்றி வளைத்து, ஆட்டுக்கு உணவும், தோட்டத்துக்கு உரமும், தோணிக்கு மரமும், பிள்ளைகளுக்கு ஊதுகுழலும் தந்து நின்ற பூவரசுக்கு அந்த வரலாற்றில் ஒரு வரி கிடைப்பதும் அரிதாயிருக்கின்றது. அதை யார் நட்டார், யாருடைய மண்ணில் நட்டார், யாருக்காக நட்டார் என்ற மூன்று கேள்விகளையும் கேட்டுப் பார்ப்போமாயின், கோட்டைச் சுவர்கள் சொல்லாத சில செய்திகளை இம்மரம் நமக்குச் சொல்லக்கூடும்.

முதலில் மண்ணைப் பார்க்கவேண்டும். தீவகம் முழுவதும் சுண்ணக்கல்லின் மேல் கிடக்கின்றது. சில இடங்களில் ஒரு முழ ஆழத்துக்கு மண் உண்டு. நெடுந்தீவின் பல பகுதிகளில் அலவாங்கு இறங்குவதற்கு முன்பே கல் ஒலிக்கும். ஆறு இல்லை, மலை இல்லை. ஐப்பசி முதல் மார்கழி வரை வடகீழ்ப் பருவக்காற்றுக் கொண்டுவரும் மழையே ஆண்டு மழையின் பெரும்பகுதி. அம்மழை கல்லின் வெடிப்புகளூடாக இறங்கி, நிலத்தடியிலுள்ள உவர்நீரின் மேல் ஒரு மெல்லிய நன்னீர்ப் படையாக மிதக்கின்றது. நன்னீர் உவர்நீரிலும் எடை குறைந்ததாதலால் இது நிகழ்கின்றது. கடல்மட்டத்துக்கு மேலே நன்னீர் ஓர் அடி நின்றால், கீழே ஏறத்தாழ நாற்பது அடி நன்னீர் நிற்கும் என்பது நிலத்தடி நீரியலார் கணக்கு. இக்கணக்கின் மறுபக்கம் கொடியது: மேலே ஓரடியை இறைத்துவிட்டால் கீழிருந்து நாற்பதடி உவர் ஏறிவரும். பங்குனி சித்திரையில் தீவகத்துக் கிணறுகள் பல உப்பாகிப் போவதன் காரணம் இதுவே. ஆகவே இத்தீவுகளில் நீர் இறைத்து வளர்க்கும் மரம் வேறு, நீர் இறையாமல் வளரும் மரம் வேறு. தென்னையும் வாழையும் முதல் வகை. கிணறு உடையவனுக்கே அவை வாய்க்கும். பனையும் வேம்பும் பூவரசும் இரண்டாம் வகை. இந்த வேறுபாட்டை வாசகர் மனத்திற் கொள்ளுதல் வேண்டும். பின்னர் நாம் பேசப்போகும் சமூக வேறுபாடு இதன் மேலேதான் எழுந்து நிற்கின்றது.

பூவரசு கடற்கரையின் மரம். உவர்க்காற்றும் சுண்ணக்கல்லும் அதற்குப் பகையல்ல. ஒருமுறை வேர் கொண்டுவிட்டால், ஆறேழு மாதம் வானம் பொய்த்தாலும் பச்சை மாறாது நிற்கும். முதிர்ந்த இலை மஞ்சளித்து ஒவ்வொன்றாக உதிரும்; ஆயினும் மரம் முற்றாக மொட்டையாகி நிற்பதை எளிதில் காணமுடியாது. காலையில் விரியும் பூ இளமஞ்சள், அடிவயிற்றிற் கருஞ்சிவப்பு. மாலையாகும்போது மஞ்சள் முழுவதும் செம்மை கலந்து, வாடிய பின்னும் சிலநேரம் கிளையிலேயே தங்கும். ஒரே மரத்தில் மஞ்சளும் சிவப்புமாக இருவகைப் பூ இருப்பதாகப் பிள்ளைகள் நினைப்பதற்கு இதுவே காரணம். ஆண்டு முழுவதும் ஏதோ ஒரு கிளையிற் பூ இருக்கும். காயைக் கீறினால் மஞ்சட்பால் வடியும். சொறிசிரங்குக்கு அதைப் பூசுவது நாட்டுவைத்தியம்.

பெயரைப் பற்றியும் ஒரு சொல். பூவரசு என்றதும் 'பூக்களுக்கு அரசு' என்று பொருள் சொல்வோர் உளர். ஐரோப்பியர் சிலரும் அவ்வாறே மொழிபெயர்த்தனர். நமக்கு அவ்விளக்கத்தில் மனம் ஒப்பவில்லை. இலையை வைத்துப் பார்த்தால் அரசமரத்தின் இலைக்கும் இதற்கும் உள்ள ஒற்றுமை கண்கூடு. அரசின் பூ வெளியே தெரிவதில்லை. இதன் பூ தெரிகின்றது. 'பூக்கும் அரசு' என்பதே பொருத்தமாகும். அரசுக்கு மேடை கட்டுவர், கல் நாட்டுவர், சுற்றி வருவர். மணிமேகலைக் காப்பியத்து மணிபல்லவம் நயினாதீவே என்று வாதிப்போர், அங்கிருந்த புத்த பீடிகையோடு அரசமரத்தையும் இணைத்துப் பார்ப்பர். பூக்கும் அரசுக்கோ மேடை கிடைக்கவில்லை. இலக்கியத்திலும் நிலைமை அதுவே. நெய்தல் திணைப் புலவர் புன்னையைப் பாடினர், தாழையைப் பாடினர், ஞாழலைப் பாடினர். புன்னையைத் தலைவிக்குத் தமக்கையாக்கிப் பாடிய நற்றிணைப் பாட்டைப் பள்ளிப்பிள்ளையும் அறியும். அதே கரையிற் பூத்து நின்ற பூவரசுக்கு அந்தப் பேறு வாய்க்கவில்லை. தமிழ் படித்தோரின் பார்வை வேலிக்குள் இறங்குவதற்கு நெடுங்காலம் சென்றது எனலாம்.

இம்மரத்துக்குத் தாளில் முதலிடம் தந்தவர்கள் புலவர்களல்லர், வணிகக் கம்பனியாரே. கொச்சியில் ஒல்லாந்துக் கம்பனியின் தளபதியாயிருந்த வான் ரீடு தொகுப்பித்த 'ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ்' என்னும் பெருநூல் 1678 முதல் 1693 வரை பன்னிரண்டு பாகங்களாக வெளிவந்தது. அதன் முதற்பாகத்தில் இம்மரம் 'பூப்பருத்தி' என்னும் மலையாளப் பெயரால் இடம்பெற்றுள்ளது. பருத்தியின் உறவு இம்மரத்துக்கு உண்டென்பதை மலையாளக் குடியானவர் அறிந்து வைத்திருந்தனர். இன்றைய தாவரவியலும் இரண்டையும் ஒரே குடும்பத்தில் வைக்கின்றது. அந்நூலுக்குத் தாவர அறிவை வழங்கியோருள் தலைசிறந்தவர் இட்டி அச்சுதன் என்னும் ஈழவ வைத்தியர். அக்காலச் சாதிநெறி தாழ்த்தி வைத்திருந்த ஒரு மனிதரின் அறிவு, ஆம்ஸ்டர்டாமில் இலத்தீனில் அச்சேறியது. 1753 இல் லின்னேயசு இதைச் செம்பரத்தைக் குலத்தோடு சேர்த்து, பொப்லார் மரத்தை ஒத்த இலையுடையது என்று பெயரிட்டார்.

இதன் பின்னர் நடந்தது சுவையானது. 1769 இல் ஆங்கிலக் கப்பற்றலைவர் குக், வெள்ளிக்கோள் ஞாயிற்றைக் கடப்பதைக் கணிப்பதற்காகத் தாகித்தித் தீவை அடைந்தார். அவருடன் சென்ற சொலாந்தர் என்னும் சுவீடிய தாவரவியலார், அத்தீவு மக்கள் தங்கள் வழிபாட்டு முற்றங்களைச் சூழ ஒரு மரத்தை நட்டுப் போற்றுவதைக் கண்டார். அதை அவர்கள் 'மிரோ' என்றனர். நமது பூவரசுதான் அது. தெய்வத்தன்மையது என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து 'தெஸ்பேசியா' என்ற பெயரை அவர் வகுத்தார். 1807 இல் அது முறையாக அச்சாயிற்று. ஹவாய்த் தீவினர் இம்மரத்தைக் குடைந்து உண்கலங்கள் செய்தனர். ஈஸ்டர் தீவில் இன்றுவரை எவராலும் வாசித்தறியப்படாத எழுத்துகள் செதுக்கப்பட்ட பலகைகளுட் சில இம்மரத்தாலானவை என்று ஆய்வாளர் கண்டிருக்கின்றனர். பூவரசின் விதை கடல்நீரில் நெடுநாள் மிதந்தும் முளைக்கும் ஆற்றலை இழப்பதில்லை. ஆகவே இந்துமாக்கடலிலிருந்து பசிபிக் வரை கரைதோறும் அது பரவியதில் வியப்பில்லை. கடலோடி மக்களும் விதையைக் கையோடு எடுத்துச் சென்றிருப்பர். வியப்பு வேறிடத்தில் இருக்கின்றது. ஓரிடத்துத் தீவினர் வழிபாட்டு முற்றத்தில் வைத்த மரத்தை, நமது தீவினர் வேலியில் வைத்தனர்.

வேலியில் வைத்தமை இழிவன்று. யாழ்ப்பாணத்தில் வேலி என்பது வெறும் அடைப்பு அன்று என்பதை இங்குப் பிறந்தோர் அறிவர். பூவரசு, கிளுவை, முள்முருக்கு ஆகியவற்றின் கைப்பருமன் கொண்ட கிளைகளை வெட்டி, மழைக்காலத் தொடக்கத்தில் வரிசையாக ஊன்றுவர். இவ்வாறு ஊன்றும் உயிர்க்கம்பத்துக்குக் கதியால் என்று பெயர். கதியால்களுக்கிடையே பனைமட்டையையோ அலம்பலையோ வைத்துக் கட்டி, மேலே பனையோலையோ கிடுகோ வரிவர். ஓலை ஓரிரு ஆண்டில் உக்கிப்போகும். கதியாலோ ஆண்டுதோறும் பருக்கும். வேலி அடைக்கும் காலம் ஊருக்கு ஒரு திருவிழா. சிலபோது அது ஒரு போர். ஒவ்வொரு முறை அடைக்கும்போதும் கதியாலை அயலவன் பக்கம் நான்கு விரற்கடை தள்ளி நடுவோரும் உளர்; அதற்காக நீதிமன்றம் ஏறியோரும் உளர். சட்டத்தரணிகளுக்கு யாழ்ப்பாணத்தில் குறையாத வேலை இருந்ததற்கு வேலி ஒரு முக்கிய காரணம் என்று சொன்னால் எவரும் மறுக்கமாட்டார்.

1707 இல் ஒல்லாந்த அதிகாரி கிளாஸ் ஐசாக்ஸ் தேசவழமையைத் தொகுத்தபோது, பன்னிரண்டு தமிழ் முதலியார்கள் அதைப் பார்வையிட்டு ஒப்புக்கொண்டனர். ஆங்கிலேயர் 1806 இல் அதற்குச் சட்டவலுக் கொடுத்தனர். அத்தொகுப்பில் எல்லையோரத்து மரம் அயலவன் நிலத்தின் மேல் சாய்ந்தால் என்ன செய்வது என்பது பேசப்படுகின்றது. ஒருவன் நிலத்தில் இன்னொருவன் மரம் நட்டால் பலனை இருவரும் எவ்வாறு பங்கிடுவது என்பதும் பேசப்படுகின்றது. மண்ணுக்கு ஓர் உரிமையும் மரத்துக்கு ஓர் உரிமையும் தனித்தனியே இருக்கலாம் என்பது அச்சட்டத்தின் அடிப்படை. நட்டவனின் உழைப்பைச் சட்டம் ஓரளவு மதித்தது என்று இதைப் பாராட்டலாம். ஆனால் அதே தொகுப்பின் வேறொரு பகுதி அடிமைகளைப் பற்றியது. கோவியர், சாண்டார், பள்ளர், நளவர் என நான்கு பிரிவினரை அது அடிமைகளாகவே குறிக்கின்றது. மரத்துக்கும் மண்ணுக்கும் பங்கு பிரித்த சட்டம், மனிதனைப் பொருளாக எண்ணிய சட்டமும் ஆகும். இவ்விரண்டையும் சேர்த்துப் படிக்காமல் தேசவழமையை நமது பண்பாட்டுப் பெட்டகம் என்று மட்டும் கொண்டாடுவது பாதி வாசிப்பே.

1844 இல் இலங்கையில் அடிமைமுறை சட்டத்தால் ஒழிந்தது. சட்டத்தால் ஒழிந்தது மண்ணில் ஒழியவில்லை. பிறர் நிலத்திற் குடியிருந்தோர் குடியிருந்தவாறே இருந்தனர். நிலவுடைமையாளனின் நீண்ட வேலியை அடைத்த கைகள் அவர்களுடையவை. அந்த வேலியை வரிந்த ஓலை அவர்கள் ஏறிய பனையின் ஓலை. தமது குடிசையைச் சூழ அவர்கள் ஊன்றிய நாலு கதியாலோ அவர்களுக்கு எந்த உரிமையையும் தரவில்லை. கிடுகுவேலிப் பண்பாடு என்று இன்று ஏளனமாகப் பேசப்படுவது வெறும் ஒளிவுமறைவுப் பழக்கம் அன்று. வேலிக்கு உள்ளே நிற்போரையும் வெளியே நிற்போரையும் பிரித்த நிலவுறவின் புறத்தோற்றம் அது. பூவரசு அந்தப் பிரிவினையின் தூணாகவும் நின்றது. மரத்தை நேசிக்கின்ற நாம் இதை மறைத்துப் பேசுதல் தகாது.

இனி, தோட்டத்துக்கு வருவோம். ஒல்லாந்தர் காலத்திலிருந்து யாழ்ப்பாணத்தின் பெருஞ்செல்வம் புகையிலை. அது பெரும்பாலும் திருவிதாங்கூருக்கு ஏற்றுமதியாயிற்று. அந்த வணிகம் தளர்ந்த பின்னரும் புகையிலைத் தோட்டம் அழியவில்லை. வேலணையும் புங்குடுதீவும் புகையிலை கண்ட ஊர்கள். புகையிலை மண்ணை உறிஞ்சும் பயிர். சுண்ணக்கல்லின் மேல் கிடக்கும் மெல்லிய மண்ணுக்கு ஆண்டுதோறும் உயிர் கொடுக்காவிட்டால் இரண்டாம் ஆண்டே அது கைவிட்டுவிடும். எருவும் பட்டியடைப்பும் போதாதபோது தோட்டக்காரனுக்குக் கைகொடுத்தது குழை. வேலிப் பூவரசின் கிளைகளை வெட்டி, தறையில் சால் எடுத்து, இலையோடு தாழ்த்தி மண்ணை மூடுவர். இதுவே குழை தாழ்த்தல். இலை உக்கி மண்ணோடு மண்ணாகும். ஈரத்தையும் பிடித்து வைக்கும். பூவரசிலை பருமையானது, உக்க நாள் எடுக்கும், ஆனால் உக்கிய பின் அதன் பயன் நீடிக்கும் என்பது தோட்டக்காரர் கணிப்பு. கிளையை வெட்ட வெட்ட மரம் மேலும் தழைத்தது. ஆகவே வேலி என்பது எல்லை மட்டுமன்றி, நிமிர்ந்து நின்ற ஓர் உரக்கிடங்காகவும் இருந்தது. வேலி போதாத ஊர்களுக்குப் பூநகரிக் கரையிலிருந்து வள்ளங்களிற் குழை வந்தது. இலையை வெட்டிக் கட்டுக்கட்டி ஏற்றி, கடலைக் கடந்து, மறுகரையிற் சுமந்து இறக்கிய உழைப்பாளரின் வரலாற்றை எந்தத் துறைமுகக் கணக்கிலிருந்து நாம் மீட்பது? யானை ஏற்றியதற்குக் கணக்கு உண்டு. போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் ஊர்காவற்றுறையிலிருந்து யானை ஏற்றுமதி செய்தனர். அதற்கு முன்னரே, பன்னிரண்டாம் நூற்றாண்டில், முதலாம் பராக்கிரமபாகு தமிழில் ஒரு கல்வெட்டைப் பொறிப்பித்தான். நயினாதீவிலுள்ள அக்கல்வெட்டைப் பேராசிரியர் கா. இந்திரபாலா 1963 இல் ஆராய்ந்து வெளியிட்டார். ஊராத்துறைக்கு வரும் பரதேசிகளைக் காக்கவேண்டும் என்றும், யானை குதிரை கொண்டுவரும் கப்பல் உடைந்தால் நாலிலொரு பங்கு பண்டாரத்துக்கும் மூன்று பங்கு உடையவனுக்கும் என்றும், வணிகச் சரக்குக் கப்பல் உடைந்தால் பாதிக்குப் பாதி என்றும் அது விதிக்கின்றது. உடைந்த கப்பலின் சரக்குக்குக்கூடப் பங்கு விதித்த அரசுகள் பல இக்கரையை ஆண்டுள்ளன. உழைத்தவனின் பங்கைப் பற்றி அக்கற்கள் பேசுவதில்லை.

கப்பலைச் சொன்னபின் தோணியையும் சொல்லவேண்டும். முதிர்ந்த பூவரசின் வயிரம் கருஞ்சிவப்பு நிறமுடையது. நீரில் எளிதில் உக்காது. தோணியின் வளைந்த வங்குக்கால்களுக்கு இயல்பாகவே வளைந்து வளர்ந்த பூவரசங் கிளையைத் தச்சர் தேடித் திரிவர். வண்டிக்கும் கலப்பைக்கும் கதவு நிலைக்கும் இதே மரம். கதியாலாக ஊன்றி வளர்ந்த மரம் கோணலாகி, உள்ளே கோறையாவதும் உண்டு; விதையிலிருந்து வளர்ந்தது நேராகவும் வயிரமாகவும் நிற்கும். நல்ல பலகை வேண்டுமென்று நினைத்தவன் விதை நட்டுப் பேரனுக்காகக் காத்திருந்தான். அவசரக்காரன் கதியால் ஊன்றினான்.

நெடுந்தீவின் நிலைமை சற்று வேறானது. அங்கே கதியால் ஊன்ற மண் போதாத இடங்களில் முருகைக்கல்லை அடுக்கியே வேலி அமைத்தனர். சாந்து இல்லை, கல்லின் மேல் கல். அவ்வாறு நீளும் கல்வேலிகளை இன்றும் காணலாம். ஒல்லாந்தரும் பின்னர் ஆங்கிலேயரும் அத்தீவைக் குதிரை வளர்க்கும் மந்தையாக்கினர். ஆண்டவர் போயினர், குதிரைகள் காட்டுக் குதிரைகளாய் நின்றுவிட்டன, வறட்சி மிகுந்த ஆண்டுகளில் நீரின்றி அவை மடியும் செய்தி வெளிவருகின்றது. அங்கே பூவரசு கல்வேலியின் உட்புறத்தில், காற்றுப் படாத மூலையில் நிற்கும். பயணிகள் வியந்து படமெடுப்பது ஆபிரிக்காவிலிருந்து வந்த பெருக்கமரத்தை. கோடையில் ஆட்டுக்குக் குழை ஒடித்துக் கொடுப்பது பூவரசிலிருந்து.

முன்னர் நீரைப் பற்றிச் சொன்னோம். அதற்கு மீண்டும் வரவேண்டியிருக்கின்றது. நன்னீர்க் கிணறு ஊரில் ஒன்றிரண்டே இருக்கும்போது, அக்கிணற்றைச் சூழ எழும் வேலியே வேலிகளிற் கொடியது. புங்குடுதீவில் ஒடுக்கப்பட்ட மக்கள் கோயிற் கிணற்றில் தாமே நீர் அள்ளும் உரிமைக்காக 1971 இல் ஒரு சத்தியாக்கிரகம் நடைபெற்றது. அதை முன்னின்று நடத்தியவர்களுள் ஒருவர் எழுத்தாளர் மு. தளையசிங்கம், அத்தீவிற் பிறந்தவர், ஆசிரியத் தொழில் புரிந்தவர். காவற்றுறையினரின் தாக்குதலுக்கு ஆளான அவர் 1973 இல் தமது முப்பத்தெட்டாம் வயதில் மறைந்தார். முற்போக்கு அணியோடு அவர் கொண்ட கருத்துமாறுபாடுகள் பெரியவை. அவர் நம்மைக் கடிந்து எழுதிய பக்கங்கள் பல. அவருடைய மெய்யுளை நாம் ஏற்கவுமில்லை. ஆயினும் இலக்கியக் கூட்டத்திற் புரட்சி பேசிவிட்டுத் தம் வீட்டுக் கிணற்றுக் கட்டைத் தாண்டாத சிலரையும் நாம் அறிவோம். அவர்களோடு ஒப்பிடும்போது அந்த ஆசிரியர் எங்கே நின்றார் என்பதைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது.

கிணற்றில் நீர் அள்ளும் உரிமையற்றவன் தென்னை வைக்க முடியாது. வாழை வைக்க முடியாது. தோட்டமே செய்ய முடியாது. ஐப்பசி மழையில் ஊன்றிய ஒரு கதியால் மட்டும் யாருடைய உத்தரவையும் கேளாமல் துளிர்க்கும். நிலமற்றோரின் குடியிருப்புகளில், முற்றத்து நிழலென்று ஏதேனும் இருந்தால் அது பெரும்பாலும் பூவரசாகவோ வேம்பாகவோ இருந்ததன் காரணத்தை அழகுணர்ச்சியிலோ வைத்தியப் பயனிலோ தேடவேண்டியதில்லை.

பின்னர் வந்தது போர். 1985 மே 15 இல் நெடுந்தீவிலிருந்து குறிகட்டுவானுக்குப் புறப்பட்ட 'குமுதினி' படகில் பயணம் செய்த மக்கள் நடுக்கடலில் வெட்டிக் கொல்லப்பட்டனர். 1990, 1991 ஆம் ஆண்டுகளின் இராணுவ நடவடிக்கைகளால் ஊர்காவற்றுறை, வேலணை, புங்குடுதீவுப் பகுதி மக்கள் பெருந்தொகையாக இடம்பெயர்ந்தனர். பலர் யாழ்ப்பாணத்துக்கும் வன்னிக்கும், பலர் கடல் கடந்தும் சென்றனர். திரும்பியோர் சிலரே. இன்று புங்குடுதீவின் ஒழுங்கைகளிற் செல்வோர் ஒரு காட்சியைக் காண்பர். கூரையற்ற கல்வீடு, உள்ளே புதர், கதவு நிலையும் இல்லை. வளவின் நான்கு புறமும் கதியால்களாய் ஊன்றப்பட்ட பூவரசுகள், ஓலை வரிய ஆளின்றி, கிளை வெட்ட ஆளின்றி, முழு மரங்களாக வளர்ந்து வரிசை தவறாது நிற்கின்றன. உறுதி தொலைந்தவனுக்கும் நில அளவைக்காரனுக்கும் எல்லையைக் காட்டுவன அவையே. ஆள் போனபின்பும் வேலி தன் வேலையைச் செய்கின்றது.

மீண்டு வந்தோரும் வெளிநாட்டுப் பணம் பெற்றோரும் வேலியை அகற்றி மதில் கட்டினர். இயலாதோர் தகரம் அடித்தனர். மதில் ஒருமுறைச் செலவு. வேலி ஆண்டுதோறும் வேலை. அடைக்கும் தொழிலாளருக்குக் கூலியும் உயர்ந்துவிட்டது, உயர்ந்தது நல்லதே. மதிலுக்காக அழுவது நம் நோக்கமன்று. பொட்டுக்குள்ளால் புகுந்து அயல்வீட்டுக்குப் போகும் வழி அடைபட்டதென்று வருந்துவோர், அந்தப் பொட்டு எல்லாச் சாதியாருக்கும் திறந்திருந்ததா என்பதையும் நினைத்துப் பார்க்கட்டும். ஆயினும் மதிலோடு ஒரு பொருள் போய்விட்டது; அது குழை. அதன் விலையை 2021 இல் நாடு கண்டது. அவ்வாண்டு மே மாதத்தில் அன்றைய அரசு இரசாயன உர இறக்குமதியை ஒரே ஆணையால் தடைசெய்தது. எந்த ஆயத்தமும் இல்லை. மாற்று உரமும் இல்லை. விளைச்சல் வீழ்ந்தது, உழவர் வீதிக்கு இறங்கினர், நவம்பரில் அரசு தடையைத் தளர்த்திப் பின்வாங்கியது. இயற்கை உரம் தீது என்று நாம் சொல்லவில்லை. இயற்கை உரம் என்பது வர்த்தமானியில் விளைவதன்று, வேலியில் விளைவது. நாற்பது ஆண்டுகளாக வேலிகளை அழிய விட்டுவிட்டு, ஓரிரவில் உழவனைப் பார்த்துக் குழை தாழ்த்து என்று கட்டளையிடுவது நகரத்து மேசையிலிருந்து மட்டுமே இயலும்.

பாடசாலைகளில் மரநடுகை நாட்களில் வழங்கப்படும் கன்றுகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. நாட்டின் தேசிய மரம் நாகமரம் என்று பிள்ளைகள் மனனம் செய்கின்றனர். 1986 இல் அது அவ்வாறு பிரகடனமாயிற்று. ஈரவலயத்தின் அம்மரம் தீவகத்துச் சுண்ணக்கல்லில் உய்யாது. அலங்காரக் கன்றுகளை வரவழைத்து, அதிதி நீரூற்றிப் படமெடுத்து, மாசியில் அவை கருகுவதை ஆண்டுதோறும் காண்கின்றோம். வேலியோரத்திலிருந்து ஒரு பூவரசங் கிளையை வெட்டிக் கொண்டுவரச் சொன்னால், அதற்கு எந்தத் திணைக்களத்தின் அனுமதியும் வேண்டியதில்லை. ஆகவேதான் எந்தத் திணைக்களமும் அதை விரும்புவதில்லை போலும்.

நடும் முறையைக் கேட்டு மாணவர் சிலர் எழுதியிருந்தனர். தீவகத்துப் பெரியோரிடம் கேட்டறிந்ததை இங்கே தருகின்றோம். ஐப்பசி முதல் மழைக்குப் பின் நடுவது சிறந்தது. கைப்பருமனில், ஆளுயரத்துக்குச் சற்றுக் குறைவாக, முற்றிய நேர்க்கிளையைத் தெரிந்து, அடியைச் சரிவாக வெட்டவேண்டும்; பட்டை உரியக்கூடாது. நுனி காய்ந்துபோகாமல் சாணத்தை அப்பிவிடுவர். கல்நிலமாயின் அலவாங்கால் ஒன்றரை முழம் குடைந்து, அடியிற் சருகும் ஆட்டெருவும் இட்டு, கதியாலை ஊன்றி மண்ணை நன்றாக மிதிக்கவேண்டும். அசையும் கதியால் வேர் விடாது. வயிர மரம் வேண்டுவோர் விதையையே நடுக. தோலைச் சற்று உரசிவிட்டு இட்டால் விரைவில் முளைக்கும். முதல் இரண்டு கோடைக்கு மட்டும் கிழமைக்கு ஒருதரம் நீர் போதும், முகங் கழுவிய நீரே போதும். ஆடு எட்டும் உயரம் தாண்டும் வரை பனையோலையால் சுற்றிக் கட்டவேண்டும். மயிர்க்கொட்டி பிடித்தால் அந்தக் கிளையை வெட்டி எரித்துவிடுக. மரம் மீண்டும் தழைக்கும். மூன்றாம் ஆண்டிலிருந்து கிளை வெட்டிக் குழையெடுக்கலாம். கிணற்றுக் கட்டுக்கு மிக அருகில் மட்டும் நடவேண்டாம். வேர் கல்லைப் பிளந்து உள்ளே இறங்கும்.